ஒரே தொட்டியில் பல மீன்கள்

அலங்கார மீன் வளர்ப்பில் பினாங்கு மாநிலத்திற்குத் தனிப்பெயர் உண்டு. தட்டைப் போன்ற வட்ட உடலும் பளிச்சிடும் நிறங்களும் கொண்ட டிஸ்கஸ் மீன்களை இனப்பெருக்கம் செய்து, வெளிநாடுகளுக்கு அனுப்பும் வளர்ப்பாளர்கள் இங்கு உள்ளனர். பத்து மாவுங்கில் மீன்வள ஆராய்ச்சிக் கழகமும் பொதுமக்களுக்கான மீன் காட்சியகமும் அமைந்துள்ளன. ஜார்ஜ்டவுன் நகரத்து அடுக்குமாடி வீடுகளிலும் மீன்தொட்டி வைக்க இடமுண்டு. ஆயினும், ஆசையோடு வாங்கிய மீன்கள் சில நாள்களிலேயே ஒவ்வொன்றாக மடிவது பலருக்கும் நேரும் ஏமாற்றம். நோயே காரணம் என்று அவர்கள் எண்ணுகின்றனர். பல வேளைகளில் உண்மைக் காரணம் வேறு. சேரக்கூடாத மீன்களை ஒன்றாகச் சேர்த்ததும், தொட்டி ஆயத்தமாகும் முன்பே அவற்றை விட்டதும்தான் அது.

பல வகை மீன்கள் ஒன்றாக வாழும் நன்னீர்த் தொட்டி ‘சமூகத் தொட்டி’ எனப்படும். ஆற்றில் ஒரு மீன் துரத்தினால் மற்றொன்று தப்பியோடலாம். நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் தப்பியோட இடமில்லை. எனவே, மீன்களைத் தேர்ந்தெடுப்பவரே அவற்றின் அமைதிக்குப் பொறுப்பாவார். நீரின் தன்மை, வெப்பநிலை, முழு வளர்ச்சியின் அளவு, குணம், வாழுமிடம் ஆகிய ஐந்தையும் அவர் கருத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது நீரின் தன்மை. சுண்ணச்சத்து குறைந்த நீர் மென்னீர். மிகுந்த நீர் வன்னீர். கருங்கல் நீரில் எளிதில் கரையாததால், பினாங்குத் தீவின் கருங்கல் மலைகளிலிருந்து இறங்கும் ஓடைகளில் மென்னீரே ஓடுகிறது. தீபகற்ப மலேசியாவின் காட்டோடைகளில் வாழும் ஹார்லிக்வின் ரஸ்போராவும், அமேசான் பகுதியைச் சேர்ந்த டெட்ரா, டிஸ்கஸ் ஆகியனவும் மென்னீரை விரும்புபவை. கப்பி, மோலி போன்றவை வன்னீரில் செழித்து வளர்பவை. இவ்விரு பிரிவினரையும் ஒரே தொட்டியில் வைத்தால், ஒரு பிரிவுக்கு எப்போதும் குறைதான். குழாய்நீரைப் பயன்படுத்துவோர் அதிலுள்ள குளோரினை நீக்கிய பிறகே மீன்களை விட வேண்டும்.

இரண்டாவது வெப்பநிலை. பினாங்கில் ஆண்டு முழுவதும் வெப்பம் நிலவுவதால், தொட்டிநீரும் பெரும்பாலும் 27 பாகை செல்சியசுக்கு மேலேயே இருக்கும். டிஸ்கஸ் மீனுக்கு 28 முதல் 30 பாகை வரை ஏற்றது. தங்கமீனோ குளிர்ந்த நீருக்குரியது. 20 பாகையையொட்டிய வெப்பநிலையே அதற்கு இதமானது. வெந்நீரில் உயிர்வளி குறைவாகவே கரையும் என்பதால், வெப்பமான தொட்டியில் தங்கமீன் எளிதில் சோர்ந்துவிடும். எனவே, தங்கமீனும் டிஸ்கசும் ஒரே தொட்டியில் வாழப் பொருந்தாதவை. நியோன் டெட்ராவும் சற்றுக் குளிர்ந்த நீரையே நாடும். அதைப் போலவே தோன்றும் கார்டினல் டெட்ராவால் டிஸ்கஸ் விரும்பும் வெப்பத்தைத் தாங்க இயலும். தோற்றத்தில் ஒன்றுபட்ட மீன்கள் தேவையில் வேறுபடலாம் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

மூன்றாவது முழு வளர்ச்சியின் அளவு. கடையில் விற்கப்படுபவை பெரும்பாலும் குஞ்சுகளே. விரல் நீளத்தில் வாங்கப்படும் உறிஞ்சுவாய் மீன், வளர்ந்தபின் 30 சென்டிமீட்டரையும் தாண்டும். ஒரு மீனின் வாய்க்குள் அடங்கும் மற்றொரு மீன், என்றாவது ஒருநாள் அதற்கு இரையாகிவிடும். சிறு வயதில் நியோன் டெட்ராக்களோடு அமைதியாக நீந்திய ஏஞ்சல் மீன், வளர்ந்தபின் அவற்றையே விழுங்குவதுண்டு. இதில் மீனின் குற்றம் எதுவுமில்லை. பசித்த மீன் தன் இயல்பின்படி நடக்கிறது.

நான்காவது குணம். ஆண் சண்டை மீன்கள் இரண்டை ஒன்றாக விட்டால், இரண்டும் காயமடையும் வரை போரிடும். டைகர் பார்ப் மீன், நீண்ட துடுப்புடைய மீன்களைக் கொத்தும் பழக்கமுடையது. ஆகவே, சண்டை மீன், ஏஞ்சல் மீன் ஆகியவற்றோடு அதைச் சேர்க்கலாகாது. எட்டு அல்லது அதற்கு மேற்பட்ட டைகர் பார்ப்களைக் கூட்டமாக வளர்த்தால், அவற்றின் விளையாட்டும் விரட்டலும் பெரும்பாலும் தமக்குள்ளேயே அடங்கிவிடும். ரஸ்போரா, டெட்ரா போன்றவையும் கூட்டமாக வாழ்பவையே. தனியாக விடப்பட்டால் அவை அஞ்சி ஒளிந்து, நிறம் மங்கிவிடும். ஒவ்வொரு வகையிலும் ஒன்று என்று பத்து வகை வாங்குவதைவிட, இரண்டு மூன்று வகைகளைக் கூட்டமாக வாங்குவதே சிறந்தது.

ஐந்தாவது வாழுமிடம். சில மீன்கள் மேற்பரப்பிலும், சில நடுநீரிலும், சில அடித்தளத்திலும் வாழ்கின்றன. இம்மூன்று நிலைகளுக்கும் ஏற்பத் தேர்ந்தெடுத்தால், இடத்திற்கும் இரைக்கும் போட்டி குறையும். 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் 36 சென்டிமீட்டர் உயரமும் உள்ள தொட்டி, ஏறக்குறைய 65 லிட்டர் கொள்ளும். நடுநீருக்கு எட்டு ஹார்லிக்வின் ரஸ்போரா, மணற்பரப்புக்கு ஐந்து கூலி லோச், மேற்பரப்புக்கு ஒரு தேன்நிறக் குராமி என்பது அதற்குப் பொருத்தமான அமைப்பு. இம்மூன்றும் சிறியவை, அமைதியானவை, மென்னீரையும் இவ்வூர் வெப்பத்தையும் ஏற்பவை. பகலில் ஒளிந்து வாழும் கூலி லோச்சுக்கு மணலும் நீர்ச்செடிகளும் மறைவிடமாகும்.

தகுந்த மீன்களைத் தேர்ந்தெடுத்தாலும் பொறுமை தேவை. மீன்களின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உருவாகிறது. அது மீன்களுக்கு நஞ்சு. வடிகட்டியில் வளரும் ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே. மற்றொரு வகை நுண்ணுயிர்கள் அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இந்நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகலாம். புதிய தொட்டியின் நீர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும், அதில் நஞ்சு இருக்கக்கூடும். எனவே, நீரைச் சோதித்த பிறகு மீன்களைச் சிறிது சிறிதாக விட வேண்டும். பின்னர், வாரந்தோறும் நீரில் நான்கில் ஒரு பங்கை மாற்றி வருவது நன்று.

தவறான தேர்வின் விளைவு தொட்டியோடு நின்றுவிடுவதில்லை. அளவுக்கு மீறி வளர்ந்த மீனை ‘பிழைத்துப் போகட்டும்’ என்ற இரக்கத்தால் ஆற்றிலோ குளத்திலோ விடுவோர் உள்ளனர். மலாய் மொழியில் ‘இக்கான் பண்டாராயா’ எனப்படும் உறிஞ்சுவாய் மீன் தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னும் என்பதற்காக வாங்கப்பட்ட அம்மீன், இன்று மலேசிய ஆறுகள் பலவற்றில் பெருகிவிட்டது. கரைகளைத் துளைத்து முட்டையிடும் அது, உள்நாட்டு மீன்களின் உணவையும் இடத்தையும் பறிக்கிறது. சிலாங்கூரின் லங்காட் ஆற்றில் அவற்றைப் பிடித்து அகற்றும் பணியில் மீன்வளத் துறையினரும் தன்னார்வலர்களும் ஈடுபட்டுள்ளனர். ஒரு மீனுக்குக் காட்டிய இரக்கம் ஓர் ஆற்றுக்கே கேடாக முடிந்துள்ளது. வளர்க்க இயலாத மீனை நீர்நிலையில் விடாமல், கடைக்காரரிடமோ பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ ஒப்படைப்பதே முறையாகும்.

மீன் தனக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்பதில்லை. அதன் பிறப்பிடம், வளரும் அளவு, இயல்பு ஆகியவற்றைக் கேட்டறிந்த பின் வாங்குபவரின் தொட்டியில் பகை குறையும். மீன்கள் நெடுநாள் வாழும். பையிலிருந்து பணத்தை எடுப்பதற்கு முன் கேட்கப்படும் சில கேள்விகள், பல உயிர்களைக் காக்கின்றன.