இலவசக் கப்பலுக்குக் கொடுத்த விலை

புது தில்லி: கப்பல் இலவசம், அதைச் சீரமைக்கும் செலவு மட்டுமே நம்முடையது. 2004 ஜனவரியில் ரஷியாவின் 'அட்மிரல் கோர்ஷ்கோவ்' விமானந்தாங்கிக் கப்பலுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானபோது நாட்டுக்குச் சொல்லப்பட்டது இதுதான். சீரமைப்புக்கு 97.4 கோடி டாலர். 2008 ஆகஸ்டில் ஒப்படைப்பு.

2013 நவம்பர் 16-இல் அக் கப்பல் செவெரோத்வின்ஸ்கில் 'ஐ.என்.எஸ். விக்ரமாதித்யா'வாகக் கடற்படையில் சேர்ந்தபோது, சீரமைப்புச் செலவு 230 கோடி டாலரைத் தாண்டியிருந்தது.

பழுதின் முழு அளவை அறியும் முன்பே விலை பேசப்பட்டதுதான் முதல் கோளாறு. கப்பலைப் பிரித்துப் பார்த்தபோது, மாற்றவேண்டிய மின்கம்பி வடங்கள் மதிப்பிட்டதைவிடப் பல மடங்கு அதிகம் எனத் தெரிந்தது. பணியேற்ற செவ்மாஷ் தளமோ நீர்மூழ்கிக் கப்பல்களுக்குப் பெயர்பெற்றது. விமானந்தாங்கிக் கப்பல் கட்டிய அனுபவம் அதற்கு இல்லை.

2007-இல் ரஷியா கூடுதல் தொகை கேட்டபோது தில்லியின் கையில் பிடி ஏதும் இல்லை. கணிசமான பணம் கொடுத்தாகிவிட்டது. கப்பல் அவர்கள் தளத்தில். இங்கே 'விராட்' முதுமையடைந்துகொண்டிருந்தது. 2009 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மத்திய தணிக்கை அறிக்கை, ஆயுள் குறைந்த பழைய கப்பலுக்குப் புதியதைவிட அதிக விலையா எனச் சாடியது. ஆயினும், 2010 மார்ச்சில் புதிய விலைக்கு இந்தியா இணங்கியது.

அதன் பிறகும் சோதனை தீரவில்லை. 2012 செப்டம்பரில் கடலோட்டத்தின்போது கொதிகலன்களின் வெப்பக்காப்புச் செங்கற்கள் சிதைந்தன. ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாமென இந்தியா கேட்டதால் வந்த வினை என்றது ரஷியத் தரப்பு. மேலும் ஓராண்டு போயிற்று.

வேடிக்கை என்னவென்றால், இக் கப்பலுக்காக வாங்கிய மிக்-29கே விமானங்கள் 2010 பிப்ரவரியிலேயே கோவாவில் சேர்க்கப்பட்டன. ஏறி இறங்கக் கப்பல்தான் இல்லை. அவற்றின் என்ஜின்களில் 40, அதாவது 62 சதவீதம், வடிவமைப்புக் குறைபாடுகளால் விலக்கப்பட்டதாக 2016-இல் தணிக்கைத் துறை தெரிவித்தது.

2025 ஏப்ரலில் 26 ரஃபேல் கடற்படை விமானங்களுக்கு பிரான்ஸுடன் சுமார் ரூ. 63 ஆயிரம் கோடிக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. அனைத்தும் 2030-க்குள் வந்து சேரவேண்டும். இம்முறையாவது உதிரி பாகங்கள், பராமரிப்பு, காலதாமத அபராதம் பற்றிய கேள்விகள் தணிக்கை அறிக்கைக்கு முன்பே அவையில் எழ வேண்டும்.