உருண்ட குழலில் லேசர் வேலை

சேலையை அட்டைக் குழலில் இட்டு விற்க விரும்பும் சங்கங்கள், குழலில் சிறு சாளரம் அறுத்துக் கரையின் வண்ணம் வெளியே தெரியுமாறு செய்யலாம். விவசாய அங்கத்தினர் மூங்கிற் குழலில் சங்கத்தின் பெயரைப் பொறிக்கலாம். இவ்வேலைகளுக்கு லேசர் இயந்திரம் உதவும். ஆனால் தட்டையான பலகைக்கென அமைந்த இயந்திரம் உருண்ட குழலை எவ்வாறு வெட்டும் என்று அங்கத்தினர் நம்மைக் கேட்பதுண்டு. அதற்கென உள்ள சாதனமே சுழல் இணைப்பு.

பட்டறைகளில் பெரிதும் வழங்குவது கார்பன் டை ஆக்ஸைடு லேசராகும். 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இதனைக் கண்டவர், இந்தியாவிற் பிறந்த குமார் படேல் ஆவார். இவ்வியந்திரத்தின் முனை இடம் வலமாகவும் முன் பின்னாகவும் நகர்கிறது. சுழல் இணைப்பைப் பூட்டியபின் முன் பின் நகர்ச்சி நின்று, அதற்கு ஈடாகக் குழல் சுழல்கிறது.

முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். மின்சாரம் ஓடும்போது மோட்டாரின் கம்பியைக் கழற்றினால் அதனை இயக்கும் கருவி பழுதாகலாம். பின்னர், முன் பின் மோட்டாரின் கம்பியை எடுத்துவிட்டு, சுழல் இணைப்பின் கம்பியை அங்கே செருகுக. இயந்திரம் தொடங்கும்போது தானே மூலைக்குச் செல்லும் ஏற்பாட்டையும் நிறுத்துக. இன்றேல் எல்லையைத் தேடிக் குழல் ஓயாது சுழலும். குழல் மட்டமாகக் கிடக்க, கதிர் அதன் உச்சியில் விழவேண்டும். முனையின் உயரத்தையும் அவ்வுச்சியிலிருந்தே அளத்தல் வேண்டும்.

அடுத்தது கணக்கு. மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படிகள் நகர்வதாகவும், ஒவ்வொரு படியும் 16 கூறாகப் பகுக்கப்படுவதாகவும் கொள்வோம், 3,200 ஆகும். இடையே 3க்கு 1 என்ற பட்டை இருப்பின், குழல் ஒருமுறை சுழல 9,600 படிகள் தேவை. 3,200 என்றே பதிந்துவிட்டால் படம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும்.

குழலைக் கவ்விச் சுழற்றும் சக் வகையில் குழலின் வெளிவிட்டத்தையும் பதிய வேண்டும். விட்டம் 70 மி.மீ. எனில் சுற்றளவு ஏறக்குறைய 220 மி.மீ. ஆகும். வெளிவிட்டத்துக்குப் பதில் உள்விட்டமாகிய 64 மி.மீ.ஐப் பதிந்தால், 50 மி.மீ. சாளரம் ஏறக்குறைய 55 மி.மீ. ஆகிவிடும். குழலை உருளைகளின்மேல் கிடத்தும் வகையிலோ உருளையின் விட்டமே கணக்குக்கு அடிப்படை. ஆனால் இலேசான அட்டைக் குழல் அதன்மேல் வழுக்கக்கூடும்.

ஆகவே சோதனை அவசியம். குழலைச் சுற்றிக் காகிதப் பட்டை ஒட்டி, குறைந்த வலிமையில், சுற்றளவுக்குச் சமமான நீளமுள்ள செவ்வகம் ஒன்றை வரைக. அதன் இரு குறும்பக்கங்களும் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பொருந்தினால் கணக்கு சரி. இடைவெளி விட்டால் படிகளின் எண்ணிக்கை குறைவு. ஒன்றையொன்று கடந்து சென்றால் அதிகம்.

ஓர் எச்சரிக்கை. வயலுக்கு நீர் பாய்ச்சும் பி.வி.சி. குழாயில் துளையிட்டுத் தருமாறு விவசாய அங்கத்தினர் கேட்கக்கூடும். அதனை ஒருபோதும் இவ்வியந்திரத்தில் இடலாகாது. எரியும்போது வெளிவரும் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை வேலை செய்பவரின் நுரையீரலைக் கெடுக்கும். இயந்திரத்தின் உலோக உறுப்புகளையும் அரிக்கும். துளையிடும் கருவியே அவ்வேலைக்கு ஏற்றது. அட்டையும் மூங்கிலும் தீப்பற்றுவன. மேற்சுவரைக் கடந்த கதிர் உள்ளே எதிர்ச்சுவரையும் கருக்கும். ஆதலின் வெட்டுவதற்குப் போதுமான வலிமையை மட்டும் கழிவுத் துண்டில் அறிந்து வைக்கவும். இக்கதிர் கண்ணுக்குப் புலப்படாது. மூடியைத் திறந்து வைத்தும், ஆளில்லாமல் விட்டும் இயந்திரத்தை ஓட்டக்கூடாது.

பொதுநிதியில் வாங்கும் இயந்திரம் ஒருவரின் நினைவை நம்பியிருத்தல் நன்றன்று. மாற்றுமுன் இருந்த எண்ணையும், ஒவ்வொரு குழலுக்கும் பொருந்திய எண்ணையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி இயந்திரத்தின் அருகிலேயே வைத்திடுக. சுழல் இணைப்பைக் கழற்றியதும் பழைய எண்ணைத் திரும்பப் பதிந்தாலன்றி, மறுநாள் பலகை வெட்ட வரும் அங்கத்தினரின் சரக்கு வீணாகும்.