இரண்டாம் வாசல்: ஈராண்டுக் கல்லூரிகளும் அமெரிக்கக் கால்பந்து அணிகளும்

அமெரிக்காவில் கால்பந்து என்ற பெயரால் வழங்குவது, உலகின் பிற பகுதிகள் அப்பெயரால் அறிந்த ஆட்டம் அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும், அணிக்குப் பதினொருவராக மோதி முன்னேறும் அந்த ஆட்டத்தில், தொழில்முறை அணிகளுக்குச் சற்றும் குறையாத ஆதரவைப் பல்கலைக்கழக அணிகளும் பெற்றிருக்கின்றன. இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் லட்சம் பேர் அமரும் பல்கலைக்கழக அரங்குகள் நிரம்புகின்றன. தலைமைப் பயிற்சியாளரின் ஊதியம் அந்த மாநில ஆளுநரின் ஊதியத்தைப் போலப் பல மடங்காக இருப்பது அங்கே வழக்கமாகிவிட்டது. ஆகவே ஆட்டக்காரர்களைத் தேடிக் கண்டுபிடித்து, பேசி இணங்கவைத்து அழைத்துவருவது ஆண்டு முழுவதும் நடக்கும் தனித்தொழிலாக வளர்ந்திருக்கிறது. இத்தேடலின் வெளிச்சம் பெரும்பாலும் பள்ளி இறுதி வகுப்பு மாணவர்கள்மீதே விழுகிறது என்றாலும், அதற்கு வெளியே மற்றொரு வழியும் நெடுங்காலமாக இருந்துவருகிறது: ஈராண்டுக் கல்லூரியில் ஆடிக்கொண்டிருப்பவரைப் பல்கலைக்கழக அணிக்கு மாற்றிக்கொள்வது.

ஈராண்டுக் கல்லூரி என்பது ஜூனியர் காலேஜ் அல்லது சமுதாயக் கல்லூரி எனப்படும் நிறுவனம். விளையாட்டு வட்டாரத்தில் அதைச் சுருக்கி 'ஜூகோ' என்பர். இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901இல் தொடங்கிய கல்லூரியே இவ்வகைப் பொதுக் கல்லூரிகளில் இன்றும் இயங்கிவரும் மிகப் பழையது. பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளைக் குறைந்த கட்டணத்தில், பள்ளி மதிப்பெண்ணைக் காட்டி எவரையும் திருப்பியனுப்பாமல் கற்பிப்பதும், அவ்விரண்டாண்டின் முடிவில் இணைப்பட்டம் என்னும் சான்று வழங்குவதும் இவற்றின் வேலை. அச்சான்றுடன் மாணவர் ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேரலாம். 1938இல் இக்கல்லூரிகளுக்கென்று ஒரு தேசிய விளையாட்டுச் சங்கம் உருவானது. கலிபோர்னியாவின் கல்லூரிகள் பின்னர் அதிலிருந்து பிரிந்து தங்களுக்கெனத் தனிச் சங்கம் வைத்துக்கொண்டன; அங்கே விளையாட்டுக்காக உதவித்தொகை தருவதற்கு இடமில்லை. மிசிசிப்பி, கேன்சஸ், டெக்சஸ், அயோவா ஆகிய மாநிலங்களிலோ, சில நூறு பேர் மட்டுமே வாழும் ஊரில்கூட வலுவான அணியொன்றைக் காணமுடியும்.

இக்கல்லூரிகளுக்கு வந்துசேரும் ஆட்டக்காரர்களில் பெரும்பகுதியினரை அனுப்பிவைத்தது ஒரு விதி. பல்கலைக்கழக விளையாட்டை ஆளும் தேசியச் சங்கமான என்.சி.ஏ.ஏ., 1983இல் ஏற்று 1986இல் நடைமுறைப்படுத்திய தீர்மானம் 48, பள்ளியில் 11 அடிப்படைப் பாடங்களில் நான்குக்கு 2.0 என்ற சராசரியும், எஸ்.ஏ.டி. நுழைவுத்தேர்வில் 700 மதிப்பெண்ணும் இல்லாதவர் முதலாண்டில் ஆட முடியாது என்றது. படிப்பைக் காக்கவே வந்தது இவ்விதி என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏழைப் பள்ளிகளில் பயின்ற கறுப்பின இளைஞர்கள்மீதே அதன் சுமை மிகுதியாக விழுந்தது என்ற எதிர்ப்பும் அன்றே எழுந்தது. அப்படித் தடுக்கப்பட்டவர்களுக்கு ஈராண்டுக் கல்லூரியே இரண்டாம் வாசலாயிற்று. அவர்களோடு, பதினெட்டு வயதில் உடல் வளர்ச்சி முடியாததால் எவர் கண்ணிலும் படாதவர்களும், பெரிய பல்கலைக்கழகமொன்றில் சேர்ந்து ஏதோ ஒரு காரணத்தால் வெளியேறியவர்களும் அவ்வாசலில் நின்றார்கள்.

பல்கலைக்கழகப் பயிற்சியாளர் இவர்களைப் பார்க்கும் பார்வையைப் புரிந்துகொள்ள, ஆட்டத் தகுதிக் காலம் என்ற கணக்கை முதலில் அறிய வேண்டும். ஒருவர் எந்தக் கல்லூரியில் முழுநேர மாணவராகச் சேர்ந்தாலும் அன்றே அவருக்கு ஐந்தாண்டுக் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அந்த ஐந்தாண்டுக்குள் நான்கு பருவங்கள் மட்டுமே அவர் ஆடலாம். ஈராண்டுக் கல்லூரியில் கழிந்த பருவங்களும் இக்கணக்கில் சேரும். ஆகவே அங்கிருந்து வருபவரைப் பற்றிய முதல் கேள்வி, அவர் எவ்வளவு வேகமாக ஓடுவார் என்பதன்று, எத்தனை ஆண்டு மிச்சம் வைத்திருக்கிறார் என்பதே. மூன்றாண்டு மிச்சமிருந்து இரண்டு பருவம் ஆடக்கூடியவரை 'இரண்டுக்கு மூன்று' என்று பயிற்சியாளர்கள் குறிப்பிடுவர். காயம் பட்டாலோ, புதிய அணியின் ஆட்டமுறை பிடிபடத் தாமதமானாலோ அவர் ஓராண்டு ஆடாமல் காத்திருக்க இடமுண்டு. இரண்டாண்டு மிச்சமிருந்து இரண்டும் ஆடவேண்டியவருக்கு அந்த இடமில்லை. வந்த முதல் செப்டம்பரிலேயே அவர் பயன்பட்டாக வேண்டும்.

அடுத்த கேள்வி மதிப்பெண் பட்டியலைப் பற்றியது. பல நேரங்களில் இதுவே கடைசிக் கேள்வியாகவும் ஆகிவிடுகிறது. பள்ளியில் தகுதி பெறத் தவறியவர் மாறிச் செல்ல வேண்டுமானால், இணைப்பட்டம் முடித்திருக்க வேண்டும், மூன்று கல்விப் பருவங்களாவது முழுநேரம் படித்திருக்க வேண்டும், புதிய பல்கலைக்கழகம் ஏற்கக்கூடிய 48 பாடமணிகளும் 2.5 சராசரியும் பெற்றிருக்க வேண்டும். அப்பாடமணிகளில் ஆங்கிலம், கணிதம், இயற்கை அறிவியல் ஆகியவற்றுக்கு இன்னின்ன அளவு என்ற கட்டாயமும் உண்டு. தேர்ச்சி பெற்ற பாடம் என்பது வேறு, மாறிச் செல்லும் இடத்தில் செல்லுபடியாகும் பாடம் என்பது வேறு. ஒரு மாநிலத்தில் எடுத்த கணிதப் பாடம் இன்னொரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் எண்ணப்படாமல் போனால் வாய்ப்பை இழக்க நேரலாம். ஆகவே ஆட்டத்தின் ஒளிப்பதிவைப் பார்ப்பதற்கு முன்பே மதிப்பெண் பட்டியலை வாங்கிப் படிக்கும் பயிற்சியாளரே இவ்வேலையில் தேர்ந்தவர். டிசம்பரில் இணைப்பட்டம் முடித்து ஜனவரியில் சேரக்கூடியவருக்கு மதிப்பு கூடுதல். வசந்தகாலப் பயிற்சி முழுவதையும் அவர் புதிய அணியோடு பெற்றுவிடுவார். மே மாதத்தில் முடிப்பவரோ, கோடை வகுப்பில் ஒரு பாடம் தவறினாலும் ஆகஸ்டில் வந்துசேர முடியாமல் போய்விடுவார்.

மிசிசிப்பியின் ஸ்கூபா என்னும் சிற்றூரில் உள்ள ஈஸ்ட் மிசிசிப்பி சமுதாயக் கல்லூரியைக் களமாகக் கொண்டு 2016இல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட 'லாஸ்ட் சான்ஸ் யூ' என்னும் ஆவணத்தொடர், இவ்வுண்மையைப் பொதுமக்கள் கண்முன் வைத்தது. பட்டி ஸ்டீவன்ஸ் பயிற்றுவித்த அந்த அணி 2011, 2013, 2014 ஆகிய ஆண்டுகளில் தேசியப் பட்டம் வென்றிருந்தது. ஆயினும் தொடரைப் பார்த்தவர்கள் நினைவில் நின்றவர், வகுப்புக்குப் புறப்படும் ஆட்டக்காரரிடம் பென்சில் இருக்கிறதா என்று சலிக்காமல் கேட்ட கல்வி ஆலோசகர் பிரிட்டனி வாக்னர்தான். அரங்கில் கைதட்டல் வாங்கும் ஓர் இளைஞனின் அடுத்த நான்காண்டு, அவன் எழுதி முடிக்காத ஒரு கட்டுரையில் தொங்கிக்கொண்டிருப்பதை அவர் ஒருவரே முழுமையாக உணர்ந்திருந்தார் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஈராண்டுக் கல்லூரி ஆட்டக்காரர்களைக் கொண்டு ஓர் அணியையே எழுப்பிக் காட்டியவர் கேன்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பில் ஸ்னைடர். 1989இல் அவர் பொறுப்பேற்றபோது அவ்வணி தொடர்ந்து 27 ஆட்டங்களில் வெற்றி காணாதிருந்தது. நாட்டின் மிக மோசமான கால்பந்து அணி என்ற பெயரும் அதற்கு இருந்தது. புகழ்பெற்ற பள்ளி மாணவர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்னைடரோ தம் மாநிலத்திலேயே வலுவான ஈராண்டுக் கல்லூரிகள் நிறைந்திருப்பதைக் கண்டு, பிறர் தயங்கி எடுத்தவர்களைத் துணிந்து எடுத்தார். டெக்சஸின் பிளின் கல்லூரிக்கு 1995, 1996 இரண்டாண்டும் தேசியப் பட்டம் வென்று கொடுத்த மைக்கேல் பிஷப் அவ்வழியில் வந்தவர். குவார்ட்டர்பேக் எனப்படும், ஒவ்வொரு நகர்வையும் தொடங்கிவைத்துப் பந்தை எறியும் பொறுப்பு அவருடையது. 1998இல் அவ்வணி வழக்கமான பருவத்தின் 11 ஆட்டங்களையும் வென்றது. சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதுத் தேர்தலில் பிஷப் இரண்டாமிடம் பெற்றார். ஒரு பருவத்து ஓட்டையை அடைக்கும் பஞ்சாகவே ஈராண்டுக் கல்லூரி ஆட்டக்காரரைப் பிற பயிற்சியாளர்கள் கருதிய காலத்தில், ஆண்டுதோறும் தளராமல் அதே ஊற்றில் நீர் மொண்டால் அணியே நிலைபெறும் என்று காட்டியது ஸ்னைடரின் தனிச் சாதனை.

எவர் கண்ணிலும் படாதவருக்கு ஆரோன் ராட்ஜர்ஸைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. வட கலிபோர்னியாவில் பள்ளிப் படிப்பை முடித்தபோது மெலிந்த உடலினராக இருந்த அவருக்குப் பெரிய பல்கலைக்கழகம் எதுவும் உதவித்தொகை தர முன்வரவில்லை. அருகிலிருந்த பியூட் கல்லூரியில் 2002இல் ஆடினார். அவ்வணியின் வேறோர் ஆட்டக்காரரைப் பார்ப்பதற்காகக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஜெஃப் டெட்ஃபர்டு வந்தபோது, பந்தை எறிந்துகொண்டிருந்தவரே அவர் கவனத்தை ஈர்த்தார். பள்ளி மதிப்பெண் நன்றாக இருந்ததால் இணைப்பட்டத்துக்குக் காத்திராமல் ஓராண்டிலேயே மாற ராட்ஜர்ஸுக்கு விதி இடம் தந்தது. 2005இல் தொழில்முறை அணிகளின் தேர்வில் 24ஆம் இடத்தில் எடுக்கப்பட்ட அவர், பிற்காலத்தில் கிரீன் பே அணிக்கு சூப்பர் போல் கோப்பையைப் பெற்றுத் தந்தார்.

மூன்றாம் வகையினரில் முதன்மையானவர் கேம் நியூட்டன். புளோரிடாப் பல்கலைக்கழகத்திலிருந்து விலகிய அவர் வேறொரு முதல்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு நேராகச் சென்றிருந்தால், அன்றைய விதிப்படி ஓராண்டு ஆடாமல் அமர்ந்திருக்க நேர்ந்திருக்கும். ஈராண்டுக் கல்லூரி வழியாகச் சென்றவருக்கு அந்தத் தடை இல்லை. நியூட்டன் 2009இல் பிளின் கல்லூரிக்குத் தேசியப் பட்டத்தையும், 2010 பருவத்தில் ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்குத் தேசியப் பட்டத்தையும் வென்று தந்து, தாம் ஹைஸ்மன் விருதையும் பெற்றார். அதே ஆபர்ன் அணியின் தடுப்பு வரிசையைத் தாங்கி நின்ற நிக் ஃபேர்லியும் மிசிசிப்பியின் ஈராண்டுக் கல்லூரியொன்றிலிருந்து வந்தவரே. ஒரு தேசியப் பட்டத்தின் இரு தூண்களும் ஒரே வகை வாசல் வழியே நுழைந்த அப்பருவத்தை, இவ்வகை ஆட்சேர்ப்பின் உச்சம் என்று கொள்வதில் தவறில்லை.

ஆனால் அந்த ஓராண்டுத் தடையே ஈராண்டுக் கல்லூரி ஆட்டக்காரரின் சந்தை மதிப்பைத் தாங்கிநின்ற மறைமுகத் தூண் என்பது, தடை அகன்ற பிறகே பலருக்கும் விளங்கியது. 2018 அக்டோபரில் என்.சி.ஏ.ஏ. 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' என்னும் இடமாற்றப் பதிவேட்டைத் தொடங்கியது; அதில் பெயரைப் பதிந்துகொண்டவரை, பழைய பயிற்சியாளரின் அனுமதி இல்லாமலே பிற பல்கலைக்கழகங்கள் அணுகலாம். 2021இல் ஒருமுறை மாறுபவர் காத்திருக்க வேண்டியதில்லை என்றாயிற்று. 2024இல் எத்தனை முறையும் மாறலாம் என்றாயிற்று. உடனே ஆடக்கூடிய ஒருவர் தேவைப்படும் பயிற்சியாளர், ஸ்கூபாவிலோ கேன்சஸ் சமவெளியிலோ ஆடியவரைவிட, முதல்நிலைப் போட்டியில் ஏற்கெனவே இரண்டு பருவம் ஆடித் தம்மை நிரூபித்தவரைப் பதிவேட்டிலிருந்து எடுப்பதையே விரும்பினார். பெருந்தொற்றுக் காலத்தில் அனைவருக்கும் வழங்கப்பட்ட கூடுதல் பருவம், இருக்கும் இடங்களையும் அடைத்துக்கொண்டது. இதற்கிடையே அரிசோனாவின் மரிகோபா மாவட்டத்து நான்கு கல்லூரிகள், செலவைக் காரணம் காட்டி 2018 பருவத்தோடு தங்கள் கால்பந்து அணிகளைக் கலைத்துவிட்டன. பதிவேட்டில் இடம்பெறுபவர் ஏற்கெனவே ஒருமுறை தேர்ந்தெடுக்கப்பட்டவர். பதினெட்டு வயதில் எவராலும் தேர்ந்தெடுக்கப்படாத ராட்ஜர்ஸ் போன்றோருக்கு அதில் பெயர் இருக்காது. இடமாற்ற விதியின் தளர்வு ஆட்டக்காரர்களுக்குப் பெரும் விடுதலை தந்தது உண்மையே. அவ்விடுதலைக்கான விலையை, அவர்களுள் மிக எளியவர்களே பெரும்பாலும் செலுத்தினார்கள் என்பதையும் மறைக்க முடியாது.

இந்நிலையில்தான் டியேகோ பவியா என்னும் ஆட்டக்காரர் நீதிமன்றத்தை நாடினார். ராஸ்வெல் நகரிலுள்ள நியூ மெக்சிகோ ராணுவக் கல்வி நிலையத்தின் ஈராண்டுக் கல்லூரி அணி 2021இல் தேசியப் பட்டம் வென்றபோது அதன் குவார்ட்டர்பேக் அவரே. நியூ மெக்சிகோ ஸ்டேட் வழியாக வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் சென்ற அவர், 2024 அக்டோபரில் நாட்டின் முதலிடத்தில் இருந்த அலபாமாவை 40க்கு 35 என்ற கணக்கில் வென்ற அணியை நடத்தினார். பள்ளிக்குப் பின், கல்லூரிக்குத் தயார்செய்யும் தயாரிப்புப் பள்ளியில் ஓராண்டு ஆடுபவருக்குத் தகுதிக் காலம் குறையாதபோது, என்.சி.ஏ.ஏ.வில் உறுப்பினராகவே இல்லாத ஈராண்டுக் கல்லூரியில் ஆடிய பருவங்களை மட்டும் அச்சங்கம் எப்படிக் கழிக்கலாம் என்பது அவர் வாதம். பெயருக்கும் உருவுக்கும் விளம்பரப் பணம் பெறும் உரிமை வந்துவிட்ட காலத்தில், கழியும் ஒவ்வொரு பருவமும் வருமான இழப்பு என்பதையும் அவர் சுட்டினார். 2024 டிசம்பரில் டென்னசி கூட்டாட்சி நீதிமன்றம் அவர் மேலும் ஒரு பருவம் ஆடத் தற்காலிக ஆணை வழங்கியது. அவரைப் போன்ற நிலையிலிருந்த பிறருக்கும் அடுத்த ஒரு பருவத்துக்கு மட்டும் என்.சி.ஏ.ஏ. விலக்களித்தது. அந்த 2025 பருவத்தின் முடிவில் ஹைஸ்மன் விருதுத் தேர்தலில் பவியா இரண்டாமிடம் பெற்றார்.

அதைத் தொடர்ந்து வெவ்வேறு மாநிலங்களில் ஆட்டக்காரர்கள் தொடுத்த வழக்குகளில் நீதிமன்றங்கள் வெவ்வேறு விதமாகத் தீர்ப்பளித்திருக்கின்றன. ஈராண்டுக் கல்லூரிப் பருவங்கள் நிரந்தரமாகவே கணக்கில் சேராமற்போனால், இரண்டே பருவத்துக்கு உதவுபவர் என்று ஒதுக்கப்பட்டவர் இருபது வயது முதிர்ச்சியோடு மூன்று, நான்கு பருவங்கள் ஆடக்கூடியவராகிவிடுவார். பயிற்சியாளர்களின் கார்கள் மீண்டும் ஸ்கூபாவுக்கும் கேன்சஸ் சிற்றூர்களுக்கும் திரும்பும். அதுவரை, டிசம்பரில் இணைப்பட்டம் முடிக்கும் இளைஞனின் பட்டியலைக் கையில் வைத்திருக்கும் பயிற்சியாளர், அவனது 48 பாடமணிகளைக் கூட்டிச் சரிபார்த்துவிட முடிகிறது. எத்தனை பருவம் ஆடுவான் என்று எழுதவேண்டிய கட்டத்தை மட்டும் நிரப்பாமல் விட்டுவைக்கிறார்.