மட்டிச் சாற்றில் நஞ்சு: சாக்சிதொட்சினின் அமைப்பும் வீரியமும்

1987ஆம் ஆண்டில் குவாத்தமாலாவின் பசுபிக் கரையிலுள்ள சம்பெரிக்கோவில் மட்டிச் சாறு அருந்தியோருள் 187 பேர் நோயுற்றனர். 26 பேர் மாண்டனர். நோயுற்ற இளஞ் சிறாருள் இறந்தோர் 50 சதவீதம். வயதுவந்தோருள் 7 சதவீதமே. பைரோடினியம் பகாமென்சு என்னும் ஒருகல நுண்ணல்காவை அம்மட்டிகள் கடல்நீரிலிருந்து வடித்துண்டிருந்தன. அடுப்பின் வெப்பம் அந்நஞ்சை அழிக்கவில்லை.

இவ்வகை நஞ்சுகளுள் முதன்மையான சாக்சிதொட்சின், அலாசுக்காவின் சாக்சிடோமசு என்னும் சிப்பியினத்தாற் பெயர்பெற்றது. சிப்பி அதனை ஆக்குவதில்லை, தேக்கிவைக்கிறது. ஆகவே பெயர் அத்துணைப் பொருத்தமானதன்று. அதன் அமைப்பு 1975இல் எக்ஸ் கதிர்ப் பளிங்கியலால் உறுதியாயிற்று. 10 காபன் அணுக்களுக்கு 7 நைதரசன் அணுக்கள். மூன்று வளையங்கள் பிணைந்த சிறு சட்டகம். அதில் இரு குவனிடீன் கூட்டங்கள். நேரேற்றம் பெறும் இக்கூட்டங்களையே நாம் கூர்ந்து நோக்க வேண்டும். நரம்புக்கல மென்சவ்விலுள்ள சோடியம் வாயிலின் வெளிமுகத்தில் எதிரேற்றமுள்ள அமினோ அமில எச்சங்கள் உள. நஞ்சு அவற்றைப் பற்றிக்கொண்டு வாயிலை அடைக்கிறது. சோடியம் அயன் உட்புக இயலாதுபோக, நரம்புக் கணத்தாக்கம் நின்றுவிடுகிறது. உதட்டு விறைப்பில் தொடங்குவது சுவாசத் தசைகளின் செயலிழப்பில் முடியலாம். மாற்றுமருந்து இல்லை, செயற்கைச் சுவாசமே துணை.

சாக்சிதொட்சினின் உறவுச் சேர்வைகள் ஐம்பதுக்கு மேற்பட்டவை. அவற்றின் வீரியமோ பெரிதும் வேறுபடுகிறது. காபமேற்றுப் பக்கச்சங்கிலி நீங்கினால், சுண்டெலிச் சோதனையில் ஏறத்தாழ அரைவாசி வீரியம் எஞ்சுகிறது. அதே சங்கிலியின் நுனியில் ஒரு சல்போக் கூட்டம் சேரின், வீரியம் ஏறத்தாழப் பதினைந்தில் ஒன்றாகிறது. அதன் எதிரேற்றம் மூலக்கூற்றின் நேரேற்றத்தைத் தணித்துவிடுகிறது. ஆயின் அமிலத்துடன் சூடாக்க அக்கூட்டம் கழன்று, வலிகுன்றிய நஞ்சு வலிய நஞ்சாக மாறுகிறது! வேகவைத்தால் எதுவும் தீதற்றதாகும் என்னும் அடுக்களை நம்பிக்கை இங்கே தலைகீழாகிறது.

எனவே நஞ்சின் மொத்த நிறையை அறிதல் போதாது. ஒவ்வொரு சேர்வையின் அளவையும் அதன் வீரியக் காரணியாற் பெருக்கிக் கூட்டியே சாக்சிதொட்சின் சமவலுவைக் கணிக்க வேண்டும். பல நாடுகள் ஒரு கிலோகிராம் சிப்பி இறைச்சிக்கு 800 மைக்குரோகிராம் என வரையறுத்துள்ளன. இக்கணிப்புக்குத் தூய நியமச் சேர்வைகளும் விலையுயர்ந்த கருவிகளும் வேண்டும். அவை பெரும்பாலும் ஏற்றுமதிச் சிப்பியை நாடியே இயங்குகின்றன என்பது நமது கருத்து. கரையிற் பொறுக்கி அன்றே உலையேற்றப்படும் ஏழையின் மட்டி, எந்த ஆய்வுகூடத்தின் வாசலையும் எட்டுவதில்லை.