வீட்டுக்கு வரும் பழைய லேத்: வாங்குமுன், ஓட்டுமுன், ஆள் வைக்குமுன்

திருகோணமலையில் லேத்துக்கு வேலை இல்லாமல் போனதில்லை. பிரித்தானியக் கடற்படை 1957இல் தளத்தை இலங்கையிடம் கொடுத்துவிட்டுப் போனது, படகுகள் போகவில்லை. கொட்பேயில் நிற்கும் பலநாள் படகின் ஷாஃப்ட் தேய்ந்தாலும், கிண்ணியாவில் உழவு மெசினின் புஷ் கழன்றாலும் யாராவது இரும்பைக் கடைந்து கொடுக்கத்தான் வேண்டும். அதனால் மூடிய கராஜிலோ பழைய இரும்புக் கடையிலோ ஒரு கொல்செஸ்டர், ஹரிசன், மைஃபோர்ட், அல்லது இந்தியாவில் வார்த்த பெல்ட் லேத் கண்ணில் பட்டால், கைவேலை தெரிந்தவருக்கு மனம் நிற்காது. வீட்டுப் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டில் போட்டு இறக்கிவிடுகிறார். அந்தக் கொட்டிலுக்குள் பரிசோதகர் எவரும் வரமாட்டார் என்பதுதான் சிக்கல்.

முதலில் வாங்குவது. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. இன்ன வேலைக்கென்று சொல்லி, வியாபாரியின் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது அது. ஆனால் நீங்களே பார்த்து எடுத்திருந்தால், பார்த்தபோது தெரிந்திருக்கக்கூடிய பழுதை வைத்துப் பிறகு வழக்காட முடியாது. “பார்த்துத்தானே எடுத்தீங்கள்” என்ற பதிலுக்குச் சட்டத்திலேயே இடமுண்டு.

ஆகவே ஒழுங்காகப் பாருங்கள். சாடிலைச் சக்குக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஆட்டமில்லாமல் ஜிப்பை இறுக்கிவிட்டு, டெயில்ஸ்டொக் பக்கம் உருட்டுங்கள். போகப் போக இறுகினால் சக்குப் பக்கத்துப் பெட் தேய்ந்துவிட்டது. பெரும்பாலான வேலை அங்கேதான் நடந்திருக்கும். அந்தத் தேய்மானத்தை வீட்டில் சரிசெய்ய முடியாது. சக்கில் ஒரு தடித்த கம்பியைப் பிடித்து, மேலும் கீழும் நெம்பி, டயல் கேஜின் முள் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். பெயாரிங்கின் கதை அதில் தெரியும். புதிதாகப் பெயின்ட் அடித்து மினுக்கிய மெசினை எனக்குப் பிடிப்பதில்லை. கறளும் எண்ணெய் அழுக்குமாக நிற்பது எதையும் மறைப்பதில்லை.

பற்றுச்சீட்டு இல்லாமல் எடுக்க வேண்டாம். மெசினின் தொடர் இலக்கம், விற்பவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி எல்லாம் அதில் இருக்கட்டும். துறைமுகமும் அரச நிறுவனங்களும் நிறைந்த ஊர் இது. அரச சொத்து ஏலத்தில் வராமல் வேறு வழியில் வந்திருந்தால், 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பொதுச் சொத்துச் சட்டம் இருக்கிறது. ஏலத்தில் வந்ததென்றால் ஏலச் சீட்டைக் கேளுங்கள். வியாபாரி உத்தரவாதம் தந்து ஏமாற்றியிருந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். தொலைபேசி 1977. தனியாள் ஒருவர் தன் பழைய மெசினை விற்றிருந்தால் அந்தக் கதவு அநேகமாகத் திறக்காது.

இறக்கும்போது எடையெல்லாம் ஹெட்ஸ்டொக் பக்கம் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். சரியும் லேத்தைக் கையால் தாங்கப் போனவர்தான் நசிவார். கொன்கிரீட்டில் நிறுத்திய பிறகு, இஞ்சினியர் லெவலைப் பெட்டின் குறுக்கே வைத்து இரண்டு முனையிலும் ஒரே அளவு காட்டும்வரை காலடியில் தகடு கொடுங்கள். வார்ப்பிரும்புப் பெட் பார்வைக்குத்தான் அசையாதது. ஒரு கால் தாழ்ந்தால் முறுக்கிக்கொள்ளும், பிறகு நேராகக் கடைய முடியாது. உப்புவெளி, நிலாவெளி போன்ற கரையோர மணல் நிலத்தில் தளம் சிறிது அமரும். ஒருமாதம் கழித்தும், வாடைக்கால மழை முடிந்த பிறகும் மறுபடி பாருங்கள். அந்த மழைக்காலத்தில் உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து, துடைத்து எண்ணெய் பூசாத பெட்டில் ஒரு இரவிலேயே கறள் படரும். பழைய பெயின்டை உலர்வாகச் சுரண்டித் தேய்க்க வேண்டாம், அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கலாம். ஈரமாக்கி உரியுங்கள், பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள். கழிவு எண்ணெய் கானுக்குள் போனால் கடலுக்குத்தான் போகும்.

மின்சாரம்தான் வீட்டு லேத்தின் பெரிய ஆபத்து. நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது 230 வோல்ட் ஒற்றைக் கட்டம். பழைய தொழிற்கூட லேத்தின் மோட்டர் 400 வோல்ட் மூன்று கட்டத்துக்கானது. மூன்று கட்ட இணைப்புக்கு மின்சாரம் வழங்கும் நிறுவனத்திடம் விண்ணப்பிக்கலாம். அல்லது மோட்டர்த் தகட்டில் 230/400 என்று இருந்தால், தகுதிபெற்ற எலெக்ட்ரீசியன் அதை டெல்டாவில் இணைத்து, ஒற்றைக் கட்டத்தில் இயங்கும் இன்வேர்ட்டர் மூலம் ஓட்டித் தருவார். துணி சுற்றிய பழைய வயரை முழுக்க மாற்ற வேண்டும். எர்த் இல்லாமல் ஒரு சுற்றுக்கூட வேண்டாம். 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறதென்று அதைத் தாண்டி வயர் இழுப்பவர்கள் இருக்கிறார்கள். ட்ரிப் சுவிட்ச் விழுவது எங்கோ மின் கசிகிறது என்பதற்காகத்தான்.

இன்னொன்று. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நாடு முழுவதும் கரண்ட் போனது நினைவிருக்கும். பாணந்துறையில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்றார் அமைச்சர். அப்படியொரு நேரத்தில் சாதாரண சுவிட்ச் போட்ட லேத்தின் முன்னால் நின்றவர், கரண்ட் போய்விட்டதே என்று சக் சாவியை மாட்டித் துண்டைக் கழற்றிக்கொண்டிருந்தால்? கரண்ட் வந்ததும் லேத் தானாகச் சுழலும். கரண்ட் திரும்பினாலும் பச்சைப் பொத்தானை அழுத்தும்வரை ஓடாத ஸ்டார்ட்டரைப் போடுங்கள். கை எட்டும் தூரத்தில் சிவப்பு நிறுத்து பொத்தானும் வேண்டும்.

2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், பட்டம் பெறும் தறுவாயில் இருந்த மாணவி ஒருவர் இரவில் தனியாக லேத்தில் வேலை செய்தபோது தலைமுடி சிக்கி இறந்தார். அந்த லேத் 1962இல் செய்யப்பட்டது. காப்பு மறைப்புகள் இல்லை, அவசர நிறுத்தம் சரியான இடத்தில் இல்லை என்று அந்நாட்டுத் தொழிற் பாதுகாப்பு நிர்வாகம் சுட்டிக்காட்டியது. ஆனால் அவர் ஊழியர் அல்ல, மாணவி என்பதால் அபராதம் விதிக்கவில்லை.

நம் சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், இலாபத்துக்காக ஆள் வைத்து வேலை நடக்கும் இடத்தைத்தான் தொழிற்சாலை என்கிறது. பொழுதுபோக்குக்காகத் தனியே கடைபவரை அது பார்ப்பதில்லை. சம்பளத்துக்கு ஒரு பொடியனை எடுத்த நாளில் நிலைமை மாறுகிறது: பெல்ட்டையும் பல்சக்கரங்களையும் மூடுவது கடமையாகிறது, விபத்து நடந்தால் 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டப்படி பொறுப்பு உங்களுடையது. “சொந்தக்காரப் பொடியன்தான், பழகட்டும்” என்பதும் பாதுகாப்பல்ல. 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைப்பதே 2021 முதல் சட்டவிரோதம். 18க்குக் குறைந்தவரை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தவும் தடை உண்டு. சுழலும் மெசினில் விடுமுன் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் விசாரியுங்கள். காயப்பட்ட வேலையாளும் அங்கேதான் முதலில் போக வேண்டும், முதலாளி கையில் வைக்கும் காசுக்கு வெள்ளைத் தாளில் ஒப்பமிடுவதற்கு முன்.

அயலவருக்கும் உரிமை உண்டு. 1996ஆம் ஆண்டின் இரைச்சல் ஒழுங்குவிதிகளின்படி நகர எல்லைக்குள் காலை 6 முதல் மாலை 6 வரை 63 டெசிபல், இரவில் 50; பிரதேச சபைப் பகுதியில் 55, 45. பேச்சில் தீராவிட்டால் பொலிஸ் வழியாக நீதவான் நீதிமன்றத்தில் பொதுத் தொல்லை என்று முறையிடலாம். கடையாக நடத்தப் போகிறீர்கள் என்றால் வியாபார அனுமதியையும் சுற்றாடல் உரிமத்தையும் பற்றி உள்ளூராட்சி சபையில் முன்கூட்டியே கேளுங்கள்.

வீட்டில்தானே என்று சாரத்துடன் லேத்தின் முன் நிற்பவர்களை இங்கே நிறையப் பார்க்கலாம். சாரம், நீளக் கை, சால்வை, விரித்த முடி, மோதிரம் எல்லாம் வெளியே. கையுறையும் வேண்டாம், சுழலும் துண்டு கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்துத்தான் இழுக்கும். கையில் கட்டிய கேதார கௌரி விரதக் காப்பு நூலும் அப்படியே. அறுந்துவிடும் என்று எண்ண வேண்டாம், பல இழைகள் சேர்ந்த நூல் எளிதில் அறாது. அவிழ்க்க மனமில்லாவிட்டால் அவிழ்க்கும் நாள் வரை லேத்தைத் தொடாதீர்கள். இரும்புச் சுருளைக் கொக்கியால் இழுங்கள், விரலால் அல்ல. கண்ணாடி போடுங்கள். தனியாக இருக்கும்போது ஓட்ட வேண்டாம்.

விரல் துண்டாகிவிட்டால் காயத்தைச் சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 1990ஐ அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் கட்டி, அந்தப் பையை ஐசில் வையுங்கள். விரல் நேரே ஐசில் படக்கூடாது.

சக் சாவியைச் சக்கிலேயே விட்டுக் கையை எடுக்கும் பழக்கம் உள்ளவர் லேத் வாங்க வேண்டாம்.