மலைக்கோட்டை ஏற வேண்டாம், உத்திர வீதி போதும்! தெரியுமா?

உடம்பு பூரா அடித்துப் போட்டாற்போல வலி. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. ‘எல்லாம் மனசுதான்’ என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அந்த வலிக்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் உண்டு, தெரியுமா? நூறு பேரில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு, பெண்களுக்கே அதிகம்!

இதைக் கண்டுபிடிக்கக் கட்டைவிரல் போதுமாக இருந்தது என்றால் நம்புவீர்களா? 1990-இல் வகுத்த விதிப்படி, கழுத்து, தோள், இடுப்பு, முட்டி என்று 18 இடங்களில் மருத்துவர் அழுத்துவார். எவ்வளவு? அவருடைய நகம் வெளுக்கும் அளவுக்கு, சுமார் 4 கிலோ. குறைந்தது 11 இடங்களில் வலித்தால் அதுதான். 2010-இல் வந்த புதிய விதிகளில் இந்த அழுத்தல் கட்டாயமில்லை.

இப்போது பெரிய ஆச்சரியம். 2016-இல் ஐரோப்பிய மூட்டுநோய் வல்லுநர்கள் எல்லாச் சிகிச்சைகளையும் எடைபோட்டு, ‘வலுவாகப் பரிந்துரைக்கிறோம்’ என்று சொன்னது ஒன்றே ஒன்றைத்தான். மாத்திரையை அல்ல, உடற்பயிற்சியை!

இந்த யோசனை எங்கே முளைத்தது தெரியுமா? தூக்கத்தில்! 1970-களில் டொரான்டோவில் மோல்டோஃப்ஸ்கி என்ற ஆய்வாளர், நல்ல ஆரோக்கியமாக இருந்தவர்களை ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகவிடாமல் இரவெல்லாம் கலைத்தார். சில நாளில் அவர்களுக்கும் உடம்பு வலி வந்துவிட்டது. ஓட்டப் பயிற்சியில் ஊறியவர்கள் மட்டும் தப்பித்தார்கள்! அந்த நூலைப் பிடித்துக்கொண்டு மெக்கெய்ன் என்ற ஆய்வாளரின் குழுவினர் 42 நோயாளிகளுக்கு 20 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பாதிக்கு இதயத் துடிப்பை ஏற்றும் பயிற்சி, மறுபாதிக்குக் கைகால் நீட்டி மடக்குவது மட்டும். துடிப்பு ஏறியவர்களே வலியை அதிகம் தாங்கினார்கள். 1988-இல் வெளியான முடிவு இது.

கோளாறு தசையில் இல்லை. நரம்பு மண்டலம் வலியின் ஒலியைக் கூட்டி வைத்த ரேடியோ போல அலறுகிறது. பயிற்சி அந்தக் குமிழை மெல்லத் திருகுகிறது.

மெல்ல! இங்கேதான் நம் திருச்சிக்காரர்கள் சறுக்குகிறார்கள். ஒருநாள் உடம்பு லேசாக இருந்தால் போதும், ‘இன்றைக்கே மலைக்கோட்டை ஏறி உச்சிப் பிள்ளையாரைப் பார்த்துவிடுவோம்’ என்று நானூற்றுச் சொச்சம் படி. மறுநாள் முதல் படுக்கை. 83 மீட்டர் பாறை எங்கேயும் ஓடிவிடாது. ஸ்ரீரங்கத்து வீதிகளோ சமதளம். கோயிலைச் சுற்றி உத்திர வீதி, அதற்கு வெளியே சித்திரை வீதி. முதல் வாரம் ஒரு வீதி, ஐந்தே நிமிடம். பழகியதும் அடுத்த வீதி, இன்னும் ஓரிரு நிமிடம். வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். சித்திரை மாத வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

நடக்கப் பிடிக்காதா? வெதுவெதுப்பான நீச்சல்குளத்தில் செய்யும் பயிற்சியை 881 பேரிடம் பார்த்த 16 ஆய்வுகள் இருக்கின்றன, பலன் உண்டு. பாஸ்டனில் 226 பேரிடம் சோதித்தபோது, சீனத்துத் தாய் ச்சியின் மெதுவான அசைவுகள் வழக்கமான பயிற்சிக்குச் சளைக்கவில்லை. 2018-இல் வந்த ஆய்வு!

ஆரம்பத்தில் வலி கொஞ்சம் கூடும். பயந்து நிறுத்தாதீர்கள், நேரத்தைக் குறையுங்கள். தைராய்டு, வைட்டமின் டி குறைவு போன்றவையும் இதே வேஷம் போடும். அதனால் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டுங்கள்.