எந்த ஏரியா நீங்க?

வண்ணாரப்பேட்டையில் நண்பர்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை

வடசென்னை என்றாலே சினிமா நமக்குப் பழக்கிவைத்திருப்பது அரிவாளும் கானாவும்தான். மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துச் சந்துகளில் வழி தவறி அலைவதற்காகக் காசு சேர்த்து விமானம் ஏறுகிற சென்னைக்காரருக்கும், மின்ட்டைத் தாண்டி வண்ணாரப்பேட்டைக்குள் நடக்கத் தோன்றுவதில்லை. 2019 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் இங்கே வந்துவிட்டது. தூரம் என்று இனி சாக்குச் சொல்ல முடியாது. தென்சென்னை நண்பர்கள் சிலரைக் கிளப்பிக்கொண்டு ஒரு ஞாயிறு காலையில் வந்து இறங்கினோம்.

முதலில் எம்.சி. ரோடு. ஜவுளிக்குப் பெயர்போன தெரு. மூட்டை மூட்டையாக நைட்டி, இன்ஸ்கர்ட், பிளவுஸ் பிட் இறங்கிக்கொண்டிருந்தன. தலைச்சுமைக்காரர் "வயி, வயி" என்று குரல் கொடுத்தால் கூட்டம் தானாக இரண்டாகப் பிரிகிறது. ஒரு கடை வாசலில் ஓர் அம்மா புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தார். கண் எங்கள்மேல், கை துணிமேல். ஊசி ஒரு முறைகூடத் தடம் மாறவில்லை.

"எந்த ஏரியா நீங்க?"

மடிப்பாக்கம் என்றோம்.

"அங்கதான் என் நாத்தனார் கீறா. நாஷ்டா ஆச்சா? வெயில்ல நிக்காதீங்க, இப்டி குந்துங்க."

புடவை வாங்க வரவில்லை, சும்மா சுற்றிப் பார்க்க வந்தோம் என்றதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இத்த பாக்கவா அவ்ளோ தூரத்துலேந்து வந்தீங்க?"

பார்க்க நிறைய இருக்கிறது. சென்னையைப் பட்டணமாக்கியதே துணிதான். கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே வாங்கிக் குவித்த பருத்தித் துணியைக் கப்பலேற்றும் முன் வெளுத்தாக வேண்டும். அதற்காகச் சலவைத் தொழிலாளர்கள் குடியமர்ந்த பேட்டை இது. வடக்கே திருவொற்றியூர்ப் பக்கம் நெசவாளர்களுக்காக எழுந்தது காலடிப்பேட்டை. கவர்னர் காலெட்டின் பெயர் நம் வாயில் புகுந்து அப்படி ஆனது. தறிப் பட்டறை நடத்திய பிட்டி தியாகராயர் நீதிக்கட்சியின் பெருந்தலைவரானார். அவர் பெயரைச் சூடிய தி.நகரில் நாம் தீபாவளிக்குத் துணி எடுக்கிறோம். அவர் பெயரில் கல்லூரி இருப்பது இங்கே, பழைய வண்ணாரப்பேட்டையில்.

எம்.சி. ரோட்டிலிருந்து மாடிப் பூங்காவுக்கு வந்தோம். 1769-ல் ஹைதர் அலியின் படை சென்னை வாசல்வரை வந்து மிரட்டிவிட்டுப் போனது. அதன் பிறகுதான் கம்பெனி, கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தைச் சுற்றி அவசரமாக மதில் எழுப்பியது. அந்த மதிலில் எஞ்சிய துண்டின்மேல்தான் மாடிப் பூங்கா நிற்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், நாங்கள் கேட்காமலே சரித்திரத்தை ஆரம்பித்தார். ஹைதர் அலியில் தொடங்கி எம்.ஜி.ஆர். வழியாகத் தெருக்குழாய்த் தண்ணீரில் வந்து முடித்தார். நண்பன் கேமராவை எடுத்ததும், "படம் புடி தம்பி. அப்டியே தண்ணி லாரி வராததையும் சேத்துப் போடு" என்றார்.

முன்பின் தெரியாதவரிடம் இவர்கள் இப்படிச் சகஜமாகப் பேசுவதற்குக் காரணம், இராயபுரம் பக்கம் நடந்தால் பிடிபடும். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட நிலையம் இன்னும் தூண்களோடு நிற்கிறது. துறைமுகம் வருமுன் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே அலையில் படகோட்டிப் பிழைத்தவர்கள் தங்கள் காசில் எழுப்பியது புனித இராயப்பர் தேவாலயம். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் பார்சிகளின் அக்கினிக் கோயில். 1910-ல் கட்டியது, மற்றவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை, வாசலோடு திரும்பினோம். இன்னும் கொஞ்சம் நடந்தால், 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் அண்ணா பேசி தி.மு.க.வைத் தொடங்கிய ராபின்சன் பூங்கா. இப்போது அவர் பெயரிலேயே அறிஞர் அண்ணா பூங்கா.

கப்பலும் ரயிலும் ஆலைகளும் தெலுங்கரை, உருதுக்காரரை, பார்சியை, தென்மாவட்டத்தாரை இங்கே கொண்டுவந்து இறக்கிக்கொண்டே இருந்தன. எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள். புதிதாக வந்தவனிடம் "எந்த ஏரியா?" என்று கேட்டுத்தான் பழக வேண்டும். அடுக்ககத்தில் பத்து வருஷம் எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் வாழ்கிற நமக்கு அது விசாரணையாகப் படுகிறது. இங்கே அது முகமன். வீடு ஒற்றை அறை, கூடம் முழுக்கத் தெருவில். அந்தக் கூடத்துக்குள் கால் வைத்தவரை விசாரிக்காமல் விடுவது அவர்கள் கணக்கில் மரியாதைக் குறைவு.

அந்தத் தெருக்கூடத்தின் நடுநாயகம் கேரம் போர்டு. புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா, ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் பரிசளித்தது. அவருக்கு முன்பே வியாசர்பாடி இளவழகி 2008-ல் உலகப் பட்டம் வென்றிருக்கிறார். ஒரு சந்தில் பையன்கள் எங்களையும் ஆட்டத்துக்கு இழுத்தார்கள். நண்பன் ஸ்டிரைக்கரை வைத்த விதத்தைப் பார்த்த பத்து வயதுப் பொடியன், "அண்ணா, வெரல தள்ளக் கூடாது, சுண்டணும்" என்று பாடம் எடுத்தான். சொன்ன கையோடு, பவுடர் தூவிய பலகையில் ஒரு வெட்டு. சிவப்பு குழியில், காயும் பின்னாலேயே. நண்பன் எழுந்து இடம் விட்டான்.

சாயங்காலம் அத்தோ. 1960-களில் பர்மாவில் ராணுவ ஆட்சி கடைகளை நாட்டுடைமையாக்கியபோது, கையில் கிடைத்ததோடு கப்பலேறித் திரும்பிய தமிழர்கள் பர்மா பஜாரையும் வியாசர்பாடிக் குடியிருப்பையும் உண்டாக்கினார்கள். அவர்களோடு வந்த உணவு வடசென்னைத் தள்ளுவண்டிகளில் ஊன்றிவிட்டது. வண்டிக்கார அக்கா ஆரஞ்சு நிற நூடுல்ஸைக் கிண்ணத்தில் அள்ளிப் போட்டார். நறுக்கிய முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், புளித்தண்ணீர், நொறுக்கிய தட்டை. எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து நீட்டினார். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப். "காரம் தூக்கலா இருந்தா சொல்லு கண்ணு, புளி ஊத்தறேன்." சூப்புக்கு இரண்டாம் முறை கிண்ணத்தை நீட்டினோம். அதற்குக் காசு கேட்கவில்லை.

இந்த ஊருக்கும் புகை உண்டு, குப்பை உண்டு, தண்ணீர்ச் சண்டை உண்டு. அவர்களே நம்மிடம் முதலில் சொல்வதும் அதைத்தான். ஏழ்மையைப் படம்பிடிக்கும் சுற்றுலாவாக இங்கே வரவேண்டாம். கேட்டுவிட்டுக் கேமராவை எடுங்கள். வேண்டாம் என்றால் பைக்குள் வையுங்கள். எம்.சி. ரோட்டில் ஏதாவது வாங்குங்கள், பேரம் பேசியே வாங்குங்கள். முக்கியமாக, "எந்த ஏரியா?" என்று கேட்டால் ஊர்ப்பெயரை மட்டும் சொல்லி நழுவாதீர்கள். சொந்த ஊர், வேலை, பிள்ளைகள் எல்லாவற்றையும் சொல்லுங்கள். பிறகு அதே கேள்வியை அவர்களிடம் திருப்பிக் கேளுங்கள். இராயபுரத்துக் கடலில் தொடங்கி ரங்கூன்வரை போய்வரும் பதில் கிடைக்கலாம். அவசர வேலை எதையும் அன்றைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.